குறையாத நான்கு விளக்குகள்

அத்தியாயம் 8

"இருபத்திரெண்டு நாள்!" என்று சுட்டுவிரலைக் கூரைக்கு உயர்த்தினார் காங் வென்பின். "இருபத்திரெண்டு நாளா இந்தப் பவர் பேங்க்ல ஒரு விளக்குகூடக் குறையல. நாலுக்கு நாலு. கண்ணே மூடாத காவல்னா இதாங்க, மிஸ்டர் லாய்."

துப்பறியும் லாய் ச்சுன்ஷெங் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார். நான்கு மாடி ஏறியதில் அவருடைய மூச்சு இன்னும் இரண்டாவது மாடியில்தான் வந்துகொண்டிருந்தது. தைவானின் கீலுங் நகரில் மழைக்கும் லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிக் கட்டடங்களுக்கும் என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை.

"பாஸ் அசந்துபோய் நிக்கிறாரு," என்றாள் அவருடைய உதவியாளர் ஃபாங்ரூ. "அசந்தா அவருக்கு இப்படித்தான் மூச்சு வாங்கும்."

காங் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். எதையும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார். கட்டடத்தின் நிர்வாகக் குழுத் தலைவர். ஏதோ ஓர் அலுவலகத்தில் துணைப் பிரிவு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வரும் நவம்பரில் வட்டாரத் தலைவர் பதவிக்கு நிற்கிறார். தெருமுனைப் பலகையில் அவர் கட்டைவிரலை உயர்த்திச் சிரிக்க, கீழே 'கண் மூடாத காவல்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அந்தக் காவல் மொத்தமும் இந்த நாலாம் மாடிப் படிக்கட்டுச் சுவரில் ஒற்றை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

உள்ளங்கை அளவுக்கு ஒரு வெள்ளைக் கேமரா. கம்பி கிடையாது. ஆள் அசைந்தால் விழித்துப் படம் பிடித்துத் தலைவரின் போனுக்கு அனுப்பும். ஆள் இல்லாவிட்டால் கண்ணயரும். படிக்கட்டில் பிளக் பாயிண்ட் இல்லை. பொது விளக்குக்குப் போகும் கம்பியில் கைவைத்தால் மின்திருட்டு. போன வருடம் ஐந்தாம் மாடிக்காரர் அதில் போனைச் சொருகியதற்காகப் போலீஸையே வரவழைத்தவர் காங்தான். ஆகவே கேமராவுக்குக் கீழே ஒரு பிஸ்கட் டப்பா, டப்பாவுக்குள் பவர் பேங்க், அதிலிருந்து கேமராவுக்கு ஒரு முழ வயர். டப்பாவின் தலைமேல் 'அடங்கி இரு' என்று பொருள்படும் பெயருள்ள பச்சை உறைச் சோளப் பொரிப் பொட்டலம் ஒன்று. இயந்திரம் அடங்கி நடக்கப் பச்சைப் பொட்டலம் வைக்காத ஆபீஸ் தைவானில் உண்டா? மஞ்சள் உறையை வைத்தால் முரண்டு பிடிக்கும். காலாவதி ஆனால் பழிவாங்கும். பிரித்துத் தின்றாலோ, தின்றவனுக்கு வேலை போகும்.

"பாஸ், காலையிலேர்ந்து நான் ஒண்ணுமே சாப்பிடல," என்று ஃபாங்ரூ பொட்டலத்தையே பார்த்தாள்.

"தொட்ட, உன் சீட்டைக் கிழிச்சிருவேன்."

"சம்பளம்னு ஒண்ணு ஒழுங்கா வந்தா இந்த மிரட்டல்ல ஒரு கனம் இருக்கும்."

பக்கத்தில் தலைவரின் கையெழுத்திலேயே ஓர் அறிவிப்பு: 'கேமராவையும் மின்கலத்தையும் தலைவர் தவிர வேறு எவரும் தொடலாகாது. மீறுவோர் அபராதம் செலுத்த நேரிடும்.' கீழே ரப்பர் ஸ்டாம்ப். அதற்கும் கீழே இன்னொரு ரப்பர் ஸ்டாம்ப், முதல் ஸ்டாம்பை உறுதி செய்வதற்காக இருக்கலாம்.

கேமரா பார்த்துக்கொண்டிருந்தது எதிரே இருந்த இரும்புக் கதவை. அந்தக் கதவுக்குப் பின்னால்தான் விவகாரம்.

வீட்டில் இருப்பவர் இரண்டு பேர். பக்கவாதத்தில் பேச்சு போன ஜியென் பெரியவர், கப்பலில் இயந்திரம் பார்த்தவர். அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைக்கிற வார்சித்தி, ஜாவாவிலிருந்து வந்து நான்கு வருடம் ஆகிறது. வெள்ளிக்கிழமை பௌர்ணமி. பெரியவரின் மகள் பெய்யுன் ஊதுபத்தி ஏற்ற வந்தாள். பூஜை மாடத்தில் கடல் தெய்வம் மாஸுவின் கழுத்து வெறுமையாக இருந்தது. பெரியவரின் கப்பல் ஒரு புயலில் தப்பி வந்த வருடம், இப்போது உயிரோடு இல்லாத பெய்யுனின் அம்மா நேர்ந்து செலுத்திய தங்கப் பதக்கத்தைக் காணோம்.

"வியாழக்கிழமை மத்தியானம் மாடத்தைத் துடைச்சேன், அப்ப இருந்துச்சு," என்று சொன்னது வார்சித்திதான். தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிக்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. வியாழன் மத்தியானத்துக்குப் பிறகு அந்தக் கதவில் வேறு யாரும் நுழையவில்லை என்று கேமரா சொல்லிவிட்டது. அப்புறம் மிச்சம் யார்?

இன்று சனிக்கிழமை. மணி மூன்று. நான்கு மணிக்கு, அவளை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சியின் வேன் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகும். அதற்குள் வேறு ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று லாயைக் கூப்பிட்டிருந்தாள் பெய்யுன். கூப்பிட்ட குரலில் நம்பிக்கையைவிடக் கடமை அதிகமாக இருந்தது. ஜோசியரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்பது போல.

"வியாழக்கிழமைப் படத்தைக் காட்டுங்க தலைவரே," என்றார் லாய், மூச்சு ஒருவழியாக நாலாம் மாடிக்கு வந்து சேர்ந்ததும்.

காங் போனைத் திறந்தார். காலை 9:07. திரை முழுக்க இரண்டு கருங்குழிகள்.

"சுரங்கப் பாதையா?" என்றாள் ஃபாங்ரூ.

"என் மூக்கு," என்றார் காங் கண்ணியமாக. "தினம் ஒன்பது மணிக்குப் பார்க்ல உடற்பயிற்சி முடிச்சுட்டு நானே மேல வந்து பட்டனை அமுக்கி விளக்கை எண்ணுவேன். கேமரா கண்ணைத் திறக்க அஞ்சாறு நிமிஷம் ஆகும், அதுவரைக்கும் முன்னாடியே நிப்பேன். வேற ஆளை நம்ப மாட்டேன்."

9:41. வார்சித்தி காய்கறி வண்டியை இழுத்துக்கொண்டு இறங்குகிறாள். 10:16. வண்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறாள். அவ்வளவுதான். வியாழக்கிழமை முடிந்தது.

"புதன்கிழமை?"

மூக்கு. வார்சித்தி இறக்கம். வார்சித்தி ஏற்றம்.

"செவ்வாய்?"

மூக்கு. வார்சித்தி. வார்சித்தி.

"தலைவரே, மேல அஞ்சாம் மாடியில ஒரு குடும்பம் இருக்கில்ல? அவங்க ஏறி இறங்குறதே இல்லையா?"

"காலைல ஏழு மணிக்குப் போனா ராத்திரி ஏழு மணிக்குத்தான் வருவாங்க. அந்தப் பாட்டியம்மா ஒருத்தங்கதான் வீட்ல." காங் நெஞ்சை நிமிர்த்தினார். "கேமரா வெச்சதுக்கு அப்புறம் பாருங்க, படிக்கட்டுல அனாவசிய நடமாட்டமே நின்னு போச்சு. அதைத்தான் நான் கட்டுப்பாடுன்னு சொல்றேன்."

லாய் அவரை ஒரு கணம் பார்த்தார். இப்படிப்பட்ட மனிதரை எதிர்த்துக் கேள்வி கேட்டால் பதில் வராது, சொற்பொழிவுதான் வரும். அவர் பாதையிலேயே இன்னும் நாலு அடி தள்ளிவிட வேண்டும்.

"அபாரம்," என்றார் லாய். "ஃபாங்ரூ, இதை எழுதிக்கோ. இப்படி ஒரு பராமரிப்பை நான் பாத்ததே இல்ல. இருபத்திரெண்டு நாள், நாலு விளக்கு, தலைவரைத் தவிர யாரும் தொடல, தினம் ஒன்பது மணிக்கு ஒரே ஒரு தடவை பட்டன். தலைவரே, இதுல கையெழுத்து போட்டுத் தருவீங்களா? நாளைக்குத் தேர்தல்ல யாராவது கேட்டா ஒரு ஆதாரம் இருக்கும்ல?"

காங்கின் கை பேனாவுக்குப் போகவில்லை, நேராகச் சட்டைப் பைக்குள் இருந்த முத்திரைக் கட்டைக்குப் போனது. ஊதி, ஈரமாக்கி, இரண்டு தடவை குத்தினார்.

"இப்ப ஒரு தடவை அமுக்கிக் காட்டுங்களேன்."

காங் அமுக்கினார். நான்கு நீல விளக்குகள். கேமராவின் அடியில், மின்சாரம் வந்ததைக் காட்டும் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது. உற்சாகத்தில் அவர் இந்தத் திட்டம் தம் மனத்தில் உதித்த நாளிலிருந்து தொடங்கினார். பவர் பேங்கை யாரும் விலை கொடுத்து வாங்கவில்லை. இந்த வீட்டுப் பிள்ளை ஜியென் குவோதுங் மூன்று வாரத்துக்கு முன் தாமே கொண்டு வந்து, "உங்க சேவைக்கு என் சின்னக் காணிக்கை" என்று இரண்டு கையாலும் நீட்டினாராம். பவர் பேங்கின் முதுகில் 'பங்குதாரர் கூட்ட நினைவுப் பரிசு' என்று அச்சிட்டிருந்ததை லாய் அப்போதுதான் கவனித்தார். பெரியவர் பேரில் ஏதோ ஒரு கம்பெனியில் கொஞ்சம் பங்கு. அதற்கு வருடா வருடம் வரும் இலவசத்தைப் பிள்ளை வாங்கிக்கொள்வது வழக்கம். எந்த வீட்டில்தான் அது இல்லை? குடை, சோப்பு, அரிசி, போன வருடம் பவர் பேங்க்.

சொற்பொழிவு பதினேழு நிமிடம் ஓடியது. பன்னிரண்டாவது நிமிடத்தில், மக்கள் பாதுகாப்பும் நகரத்தின் எதிர்காலமும் என்ற இடத்தில், சிவப்புப் புள்ளி சத்தமில்லாமல் அணைந்தது. ஃபாங்ரூ லாயின் முழங்கையை இடித்தாள். லாய் கண்ணாலேயே 'தெரியும்' என்றார். காங் நகரத்தின் எதிர்காலத்திலேயே இருந்தார்.

"கடைசியா ஒரு கேள்வி," என்றார் லாய். "வியாழக்கிழமை சாயங்காலம் குப்பை வண்டி வந்துச்சா?"

"வராம? புதனும் ஞாயிறும்தான் லீவு. நாலு நாப்பதுக்கு வண்டியோட பாட்டு கேட்டுச்சு, கட்டடமே குப்பைப் பையோட இறங்கிருச்சு."

"அஞ்சாம் மாடிப் பாட்டியம்மா?"

"மூணு பையோட. நான்தான் ஒண்ணை வாங்கி வண்டியில போட்டேன். வேட்பாளர்னா இதெல்லாம் செய்யணும்ல."

"நாலாம் மாடி வார்சித்தி?"

"வந்துச்சு. பெரியவரோட டயப்பர் மூட்டை ஒரு கையில, மிச்சக் குப்பை ஒரு கையில. சிரிச்சுக் கும்பிடு போட்டுச்சு. அன்னைக்கே இப்படி ஒரு வேலையைப் பண்ணிட்டு எப்படித்தான் சிரிக்க முடிஞ்சுதோ!"

"சரி. அந்தப் பாட்டியம்மா இந்த வழியாத்தான் இறங்கணும். இந்தக் கதவைத் திறந்துதான் வார்சித்தியும் வரணும். ரெண்டு பேரும் வீடியோல இல்லையே?"

காங் போனைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"கேமராவுக்குன்னு ஒரு தரம் இருக்கு, மிஸ்டர் லாய். குப்பையை எல்லாம் அது எடுக்காது."

சொல்லிவிட்டு, தேர்தல் வேலை இருப்பதாக இறங்கிப் போனார்.

ஃபாங்ரூ வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். "பாஸ், அந்தப் பச்சைப் பொட்டலம் ரொம்பவே வேலை செஞ்சிருக்கு. அடங்கி இருன்னு சொன்னா, படுத்தே கிடக்குது."

"பொட்டலத்தைக் குத்தம் சொல்லாத. பவர் பேங்குக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு விஷயம்தான். போன் வயிறு முட்டக் குடிக்கும். நிரம்பிட்டா குடிக்கிறதை நிறுத்தும். உடனே இதுவும் கடையைச் சாத்திரும். இந்தக் கேமராவோட பேட்டரி கிழடு. பன்னெண்டு நிமிஷத்துல நிரம்பிருது. அப்புறம் கண்ணயர்ந்து துளித்துளியா உறிஞ்சும். பவர் பேங்க், 'போன் நிரம்பிருச்சு, ஆளைக் காணோம்'னு தூங்கப் போயிரும். மறுபடி யாராவது அமுக்கினாத்தான் எந்திரிக்கும். கேமரா உள்ள இருக்கிறதை வெச்சு ஒண்ணு, ஒண்ணரை மணி நேரம் ஓட்டிட்டுச் செத்துப் போகும். மறுநாள் ஒன்பது மணிக்குத் தலைவர் மூக்கோட வந்து உயிர் கொடுக்குற வரைக்கும்."

"அப்ப அது முழிச்சிருக்கிறது காலைல ஒன்பதுலேர்ந்து பத்தரை வரைக்கும்."

"அந்த நேரத்துல இந்தப் படிக்கட்டுல நடமாடுறது?"

ஃபாங்ரூவின் சிரிப்பு நின்றது. "வார்சித்தி மட்டும்."

"மூணு வாரமா இந்தக் கேமரா தலைவர் மூக்கையும் அந்தப் பொண்ணையும் தவிர வேற ஒரு மனுஷரைப் பாத்ததில்ல. திருடனைக் காட்டுன்னு யாரு கேட்டாலும் அவளைத்தான் காட்டும்." லாய் தலைவரின் முத்திரை பதித்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "இருபத்திரெண்டு நாளா சோறு குறையாத பானைன்னா, அந்த வீட்ல யாரும் சாப்பிடலைன்னு அர்த்தம். அதை அவர்கிட்டயே எழுதி வாங்கியாச்சு. வா, உள்ள போவோம்."

அவர் நடையில் கொஞ்சம் துள்ளல் வந்திருந்தது. இருபது வருடம் காப்பீட்டுக் கம்பெனியில் எரியாத வீட்டுக்குத் தீ விபத்துப் பணம் கேட்டவர்களை மடக்கிய மனிதர். தம் மூளையைத் தாமே மெச்சிக்கொள்ளும் நேரத்தில் அவருக்கும் காங்குக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முத்திரைக் கட்டை மட்டும்தான் குறை.

உள்ளே பெரியவர் சக்கர நாற்காலியில் இருந்தார். வார்சித்தி பக்கத்தில் குந்தி, மீன் போட்ட கஞ்சியை ஆற்றி ஆற்றி ஊட்டிக்கொண்டிருந்தாள். கதவோரம் அவளுடைய பெட்டி தயாராக நின்றது. சாப்பாட்டு மேசையில் பெய்யுன். அவளுக்கு எதிரே அவள் அண்ணன் குவோதுங், நல்ல சட்டை, நல்ல கைக்கடிகாரம், தாவ்யுவானிலிருந்து லீவு போட்டு வந்திருப்பதை இரண்டு தடவை சொல்லிவிட்டார். மேசை நடுவில் ஒரு வழவழப்பான விளம்பரப் புத்தகம்: பூந்தோட்டத்துக்கு நடுவே ஒரு முதியோர் இல்லம்.

லாய் தாளை விரித்து வைத்தார். பானை, சோறு, குப்பை வண்டி, மூக்கு, எல்லாவற்றையும் ஐந்தே நிமிடத்தில் சொல்லி முடித்தார். சொல்லும்போதே பெய்யுனின் தோள்கள் இறுக்கம் தளர்ந்து இறங்குவது தெரிந்தது.

"அப்ப... வியாழக்கிழமை சாயங்காலம் யாரு வேணா வந்திருக்கலாமா?"

"நாலு நாப்பதுலேர்ந்து பத்து நிமிஷம் இவங்க கீழ குப்பை வண்டிகிட்ட நின்னிருக்காங்க. தலைவரே சாட்சி. வெளிலேர்ந்து ஆள் வர அந்தப் பத்து நிமிஷம் போதும். சாவி இருந்தா அதுவும் வேண்டாம், ரெண்டு நிமிஷம் போதும்."

"சாவி எங்கிட்ட இருக்கு. அண்ணன்கிட்ட இருக்கு," என்றாள் பெய்யுன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது போல நிறுத்தினாள்.

குவோதுங் தாளை எடுத்து மெதுவாகப் படித்தார். முகத்தில் கோபம் இல்லை. தேர்வில் தெரிந்த கேள்வி வந்த மாணவனின் நிதானம் இருந்தது.

"நல்லா வேலை பாத்திருக்கீங்க," என்றார். "கேமரா தூங்குச்சு. ஒத்துக்கிறேன்."

"தூங்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார் லாய். "பவர் பேங்க் நீங்க கொடுத்ததுதானே?"

குவோதுங் வாய் திறப்பதற்குள் நாற்காலியோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. உதவி செய்கிற சந்தோஷம் நிறைந்த குரல்.

"ஆமா சார்! அது தூங்கும் சார்!" வார்சித்தி கிண்ணத்தோடு எழுந்து நின்றிருந்தாள். "முன்னாடி அந்த பவர் பேங்க் தாத்தா ரூம்லதான் இருந்துச்சு. பெரிய அண்ணன் அங்க ஒரு கேமரா வெச்சிருந்தாரு, நான் தாத்தாவைச் சரியாப் பாக்குறேனான்னு பாக்க. தினம் மத்தியானம் தூங்கிரும். அண்ணன் போன் பண்ணுவாரு, 'வார்சித்தி, படம் வரல, பட்டனை அமுக்கு'ன்னு. நான் அமுக்குவேன். ரெண்டு மாசம், தினமும் அமுக்கினேன் சார்!"

லாய் கண்ணை மூடித் திறந்தார். பன்னிரண்டு நிமிடத்தில் அணைந்த சிவப்புப் புள்ளி போல, அவருக்குள் இருந்த துள்ளல் அணைந்தது.

குவோதுங் தாளை மடித்து, மடிப்பை நகத்தால் நீவி, அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"பாத்தீங்களா மிஸ்டர் லாய்? இத்தனை நாள் எங்ககிட்ட இருந்த ஆதாரம், வேற யாரும் வரலைங்கிறது மட்டும்தான். நீங்க வந்து அதை உடைச்சுட்டு, அதைவிட நல்லதா ஒண்ணு கொடுத்திருக்கீங்க. கேமரா தூங்குற நேரம் இந்த உலகத்துல ரெண்டு பேருக்குத் தெரியும். ஒருத்தன் இந்த வீட்டுப் பிள்ளை. இன்னொருத்தி..." அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையில்லாத இடத்தில் நிறுத்தத் தெரிந்தவர்.

"தெரிஞ்ச பவர் பேங்கை எதுக்குத் தலைவர்கிட்ட கொடுத்தீங்க?" என்று ஃபாங்ரூ கேட்டாள். அவள் குரலில் வழக்கமான கேலி இல்லை.

"நன்கொடைம்மா. வேண்டாத பொருளைத்தானே யாரும் நன்கொடையா கொடுப்பாங்க?"

"வியாழக்கிழமை எங்க இருந்தீங்க?"

"தாவ்யுவான்ல. ஆபீஸ்ல. நம்பிக்கை இல்லைன்னா போலீஸைக் கூப்பிடுங்க." அவர் தங்கை பக்கம் திரும்பினார். "கூப்பிடு பெய்யுன். வரட்டும். அண்ணனையும் நிக்க வெச்சு விசாரிக்கட்டும். அஞ்சு மாடியும் படிக்கட்டுல நின்னு வேடிக்கை பாக்கட்டும். காங் அதுக்கும் ஒரு போர்டு எழுதி மாட்டுவாரு. ஆனா வந்தா முதல்ல இதைத்தான் படிப்பாங்க."

அவர் விளம்பரப் புத்தகத்துக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவினார். சீனத்தில் நான்கு வரி. கீழே, ஆங்கில எழுத்தில் தடுமாறித் தடுமாறிப் போட்ட ஒரு கையெழுத்து.

லாய் படித்தார். பதக்கத்தை எடுத்தது நான்தான், மன்னிக்கவும், நானாகவே வேலையை விட்டுப் போகிறேன்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமாம்மா?" என்று வார்சித்தியிடம் கேட்டார்.

"ஏஜென்சி மிஸ் சொன்னாங்க சார். கையெழுத்து போட்டா போலீஸ் வராது, போடலைன்னா வரும்னு. போலீஸ் வந்தா தாத்தா பயந்துருவாரு." அவள் சற்று யோசித்தாள். "தப்பா போட்டுட்டேனா?"

லாய் அந்தத் தாளைக் கவிழ்த்து மேசையில் வைத்தார்.

லாய் பெரியவரின் முன்னால் மண்டியிட்டார். அவருக்கு வலது கை மட்டும் கொஞ்சம் அசையும் என்று பெய்யுன் சொல்லியிருந்தாள். மாடம் இருந்தது நாற்காலிக்கு நேர் எதிரே. வியாழக்கிழமை அந்தப் பத்து நிமிடம் இந்த வீட்டில் தூங்காமல் விழித்திருந்த ஒரே ஜோடிக் கண்கள் இவைதாம். பேட்டரி தேவைப்படாத கண்கள்.

"ஐயா, அன்னைக்குச் சாயங்காலம் யாராவது வந்தாங்களா? வந்தாங்கன்னா விரலைத் தூக்குங்க."

பெரியவர் லாயைப் பார்க்கவில்லை. லாயின் தோளுக்கு மேலே, மேசையருகே உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு அந்தக் கை மெதுவாக மற்றக் கையைத் தேடிப் போய், அதை இறுகப் பிடித்துக்கொண்டது. விரல் எழவில்லை. கடைவாயில் கஞ்சி வழிந்தது. வார்சித்தி குனிந்து துடைத்தாள்.

பெய்யுன் எல்லாவற்றையும் பார்த்தாள். அண்ணனை, அப்பாவை, அந்த இரண்டு கைகளை. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது லாய்க்குத் தெரிந்தது. பூந்தோட்டத்து முதியோர் இல்லம், காலியாகும் வீடு, பழைய கட்டடங்களை இடித்து அடுக்குமாடிக் கோபுரம் எழுப்பும் கம்பெனிக்காரர்கள் போன மாதம் வந்து போனது, வார்சித்தி இருக்கும்வரை அப்பாவை எங்கும் அனுப்ப மாட்டேன் என்று தான் பிடிவாதமாக நின்றது. இத்தனையும் அவள் முகத்தில் வரிசையாக வந்து போயின. பிறகு அவள் முகத்தைச் சாத்திக்கொண்டாள்.

"எங்க அண்ணன், சார்," என்றாள் தாழ்ந்த குரலில். "போலீஸுக்குப் போனா அந்தத் தாளை வெச்சு இவளை உள்ள தள்ளுவாங்க. இல்லைன்னா இவனை. ரெண்டுல எது நடந்தாலும் எங்க அப்பா அதைப் பாத்துட்டு உயிரோட இருக்க மாட்டாரு. நான் என்ன செய்யட்டும்? நீங்களே சொல்லுங்க."

லாய் பைக்குள் கையை விட்டார். இரண்டு முத்திரை பதித்த அந்தத் தாள் அங்கே இருந்தது. அதை வைத்து ஒரு மூக்கு உண்மை என்று நிரூபிக்கலாம். வேறொன்றும் முடியாது.

கீழே தெருவில் ஒரு வேன் இரண்டு தடவை ஹார்ன் அடித்தது.

வார்சித்தி மிச்சக் கஞ்சியை ஊட்டி முடித்தாள். அவசரப்படவில்லை. கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். மாத்திரைக்கான நேரங்கள் எழுதிய நோட்டைப் பெய்யுனின் கையில் கொடுத்து, "வெள்ளை மாத்திரையைப் பொடி பண்ணிக் கொடுக்கணும் அக்கா, முழுசா கொடுத்தா கன்னத்துல ஒளிச்சு வெச்சுக்குவாரு" என்றாள். பெய்யுன் நோட்டை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். நிமிரவில்லை. பெரியவரின் கையை வார்சித்தி ஒரு கணம் தொட்டாள். அந்தக் கை மற்றக் கையை விட்டு விலகி அவள் விரலைப் பற்றியது. ஒவ்வொரு விரலாக அவள்தான் பிரிக்க வேண்டியிருந்தது.

லாயும் ஃபாங்ரூவும் அவளுக்குப் பின்னால் படிக்கட்டுக்கு வந்தார்கள். பெட்டியைத் தூக்கிக்கொள்ள ஃபாங்ரூ கை நீட்டினாள். வார்சித்தி தரவில்லை. கேமராவுக்கு நேரே போய் நின்றாள்.

"வியாழக்கிழமை இறங்கும்போதும் இது தூங்கிட்டுத்தான் இருந்துச்சு சார்," என்றாள். "அமுக்கலாம்னு நினைச்சேன். ரெண்டு கையிலயும் குப்பை. அதோட தொட்டா அபராதம்னு தலைவர் எழுதியிருக்காரு." பிறகு ஏதோ முடிவு செய்தவள் போலப் பெட்டியைக் கீழே வைத்து, டப்பாவுக்குள் கையை விட்டுப் பட்டனை அமுக்கினாள். "இனிமே எங்கிட்ட எப்படி வாங்குவாரு?"

நான்கு நீல விளக்குகள். சிவப்புப் புள்ளி.

அவள் பெட்டியைத் தரையில் படுக்க வைத்துத் திறந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துக் கேமராவின் முன்னால் பிடித்தாள். நான்கு சட்டை. ஒவ்வொன்றையும் உதறி, பையை வெளியே இழுத்துக் காட்டினாள். மடித்த தொழுகைத் துணி, முன்பக்கம், பின்பக்கம். தைல பாட்டிலைத் திறந்து சாய்த்துக் காட்டினாள். செருப்பைத் தட்டிக் காட்டினாள். காலுறைகளுக்குள் கையை விட்டு விரல்களை விரித்துக் காட்டினாள். காலிப் பெட்டியைத் தூக்கி, அதன் உள்துணியைக் கிழிகிற அளவுக்கு இழுத்துக் காட்டினாள். கடைசியாகத் தன் ஜாக்கெட் பைகள் இரண்டையும் வெளியே புரட்டிவிட்டு, கைகளை விரித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

ஃபாங்ரூ கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்புப் புள்ளி இன்னும் சிவப்பாகவே இருந்தது. தலைவரின் சொற்பொழிவை விடாமல் படம் பிடித்ததில் மறுபடி அடியோடு வற்றிப்போயிருந்த கேமரா முதலில் ஐந்தாறு நிமிடம் குடிக்கும். அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறக்கும். வார்சித்தி எல்லாவற்றையும் காட்டி முடிக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

"வார்சித்தி, இன்னும் அது..." என்று தொடங்கினாள் ஃபாங்ரூ. லாய் அவள் காலை மிதித்தார்.

கீழே மறுபடியும் ஹார்ன். இந்தத் தடவை நீளமாக. அவள் துணிகளை அவசரமாகப் பெட்டிக்குள் திணித்து ஜிப்பை இழுத்தாள். நெற்றியில் வியர்வை. நிமிர்ந்து லாயைப் பார்த்தாள்.

"பாத்துச்சா சார்?"

"பாத்துச்சும்மா," என்றார் லாய். "எல்லாத்தையும் பாத்துச்சு."

வார்சித்தி கேமராவின் பக்கம் திரும்பி லேசாகத் தலை குனிந்து ஒரு நன்றி சொன்னாள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.